கெங்கம்மாள் அளந்த வாய்க்கால்

கெங்கம்மாளுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சத்திரத் தெருவில் சொல்லிக்கொள்வார்கள். அது முழு உண்மை இல்லை. ஒரு கோட்டை நேராகப் போடத் தெரிந்த மனிதர்களை அவளுக்குப் பிடிக்கும். அப்படி ஒருத்தர்கூட அந்தத் தெருவில் இல்லை என்பதற்கு அவள் என்ன செய்வாள்?

முப்பத்து நான்கு வருடம் நில அளவைப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு முழ நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டு வந்து நிற்பதை வாரத்துக்கு நாலு தடவையாவது பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்து, மனுஷ ஜென்மம் என்பதே பக்கத்து வீட்டு வேலியை நைசாக நகர்த்துகிற ஜென்மம் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பா போன பிறகு பெரிய சத்திரத்துக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை மனசுக்குள் திட்டுவது. இப்படி அவளுக்குப் பொழுது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

மலையடிவாரத்தில் கோயில் படிக்கட்டுக்குப் போகிற வழியிலிருந்து பிரிகிறது சத்திரத் தெரு. காவடி எடுத்து நடந்தே வருகிறவர்கள் தங்குவதற்காக ஒரு காலத்தில் ஐந்து சத்திரங்கள் அங்கே இருந்தன. அவற்றில் மூன்று லாட்ஜ் ஆகிவிட்டன. ஒன்று இடிந்துபோய் எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கிறது. மிச்சமிருப்பது பெரிய சத்திரம் மட்டும்தான். தேக்குத் தூண், நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் இன்னும் நின்றுகொண்டிருந்தன. தெருவே சத்திரத்து அறக்கட்டளை நிலம். தெருவின் ஓரமாக, வீட்டு வாசல்களை ஒட்டி, கருங்கல்லால் கட்டிய ஒரு வாய்க்கால் மேலிருந்து கீழே ஓடியது. ஓடியது என்பது பேச்சுக்குத்தான். அதில் பிளாஸ்டிக் கவர், மொட்டையடித்த முடி, டீ கப், உடைந்த பொம்மை எல்லாம் தேங்கிக் கிடந்தன.

அந்தத் தெருவைக் காப்பாற்ற விஜயராகவன் கிளம்பினான்.

அவன் கெங்கம்மாளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அப்போதே அவனுக்குக் கோணமானியை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாது. வங்கியில் மேலாளராகி, சென்னையில் வீடு வாங்கி, ஓய்வு பெற்றதும் அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். முப்பத்தைந்து வருடம் கிருத்திகைக்குக்கூட எட்டிப் பார்க்காதவனுக்குத் திடீரென்று தெருவின்மேல் பாசம் பொங்கியது. 'சத்திரத் தெரு பாரம்பரியப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தான். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எலெக்ட்ரிக் ரயில் அரக்கோணம் போய்விடும் என்றாள் கெங்கம்மாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சத்திரத்துக் கூடத்தில் கூட்டம். நாற்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். கெங்கம்மாளும் போனாள். வேடிக்கை பார்க்கத்தான். கதவோரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விஜயராகவன் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் படம் காட்டினான். பாண்டிச்சேரி, ஜெய்ப்பூர், ஏதோ வெளிநாட்டுத் தெரு எல்லாம் அதில் வந்தது. சத்திரத் தெரு மட்டும் ஒரே ஒரு படத்தில்தான் வந்தது. அதிலும் அவன் முன்னால் நின்று பாதித் தெருவை மறைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே கலர். காவியும் மஞ்சளும். தெரு முனையில ஒரு வளைவு. பூ வேலை செஞ்ச விளக்குக் கம்பம். தெரு முழுக்க சிவப்பு பேவர் கல்லு. வர்றவங்க போட்டோ எடுத்துக்க ஒரு ஸ்பாட். ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி முடிச்சிடலாம்," என்றான்.

கைதட்டினார்கள்.

தெருவின் மேல்முனையில் லாட்ஜ் வைத்திருக்கும் மணவாளன் எழுந்தான். "அந்தக் கால்வா நாறுதுங்க. கொசு வேற. மேல பலகக் கல்லு போட்டு மூடிட்டா தெரு நாலடி அகலமாயிடும். ஜனங்க நடக்க வசதியா கீதும்," என்றான். தன் லாட்ஜ் முன்னால் கார் நிறுத்தவும் வசதியாக இருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் சொல்லாததையெல்லாம் கெங்கம்மாள் முப்பத்து நான்கு வருடமாகக் கேட்டுப் பழகியவள்.

"கால்வாய மூடிட்டு எதய்யா பாதுகாக்கப் போறீங்க?" என்றாள் உட்கார்ந்தபடியே.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. விஜயராகவன் சிரித்தான். "கெங்கா, அது சாக்கடை."

"சாக்கடை ஆக்கினது நீங்க. கட்டினவன் சாக்கடையா கட்டல. மலை மேல பெய்யிற தண்ணி இந்தத் தெரு வழியாத்தான் பின்னால குட்டைக்குப் போவணும். அதுக்குத்தான் கட்டினான். இந்தத் தெருவுல கீறதுலயே பழசு அந்தக் கால்வாதான். சத்திரம்லாம் அதுக்கப்பறம் வந்தது. எங்கிட்ட பழைய அளவைப் படத்தோட நகல் கீது, வேணும்னா வந்து பாரு."

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா," என்றான் மணவாளன். "இப்ப எங்க அப்பிடி மழ பெய்யுது?"

எல்லாரும் சிரித்தார்கள். குழுவின் செயலாளர் என்று ஷாலினியைப் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு மருமகள். முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். புருஷன் விடியற்காலை ரயிலில் அம்பத்தூர் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். தெருவில் உண்மையாக வேலை செய்கிற ஆள் அவள் ஒருத்திதான். அதனால்தான் எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

"நீங்க சொன்னத எழுதிகினேன் அத்தை," என்றாள் ஷாலினி, நோட்டுப் புத்தகத்தைக் காட்டி.

"எழுதி இன்னா பண்ணப் போற? ஊறுகா போடப் போறியா?"

விஜயராகவன் ஓட்டெடுப்பு என்றான். கெங்கம்மாளைத் தவிர அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். "கையத் தூக்கறதுக்கு மூள வாணாம், தோள்பட்ட இருந்தா போதும்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வேலை நடந்தது. கொத்தனார் துளசிங்கம் நாலு ஆளை வைத்துக்கொண்டு வாய்க்காலின்மேல் பலகைக் கல்லைப் போட்டான். இடித்த காரையையும் உடைந்த செங்கல்லையும் யார் சுமந்துகொண்டு போய்க் கொட்டுவது? அதையும் உள்ளேயே தள்ளி மூடினார்கள். அதன்மேல் மணல், அதன்மேல் சிவப்புக் கல். கெங்கம்மாள் வாசலில் நின்றாள்.

"துளசிங்கம், மட்டம் பாத்தியா? தெரு வீட்டு நெலவாசப்படிய விட ஒசரமாப் போவுது."

"பாத்தேம்மா. ஆறு அங்குலம் ஒசரந்தான்."

"தெரிஞ்சே செய்றியே."

"ஆங், சொன்னத செஞ்சிகினு போறேன். யோசிக்கறதுக்கு எனக்குக் கூலி இல்லியே," என்றான் துளசிங்கம். அந்த வருடம் தெருவில் அவள் கேட்ட பேச்சில் கொஞ்சமாவது அறிவுள்ள பேச்சு அதுதான்.

தன் வீட்டுக்கு வண்ணம் பூச அவள் விடவில்லை. பெயின்ட் டப்பாவோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஆனால் ஆனி மாதம், தங்கை பேத்திக்குக் காது குத்து என்று ஆர்.கே.பேட்டைக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டாள். பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்கும் பெரிய சத்திரத்துக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தின் வாயில், அவள் வீட்டோடு ஒட்டினாற்போல, அவளுடைய குளியலறையும் கழிவறையும் இருக்கின்றன. தெருவைப் பார்த்த அதன் சுவரில் ஆளுயர மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. மயிலுக்குக் கழுத்தும் தலையும் இருக்க வேண்டிய இடம் காலி. அங்கே வந்து நிற்கிறவர்கள் தலையை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டுமாம்.

"உன் வீட்டுக்குப் பெருமதானே கெங்கா," என்றான் விஜயராகவன்.

"கக்கூஸ் சுவருய்யா அது," என்றாள் அவள்.

"அது அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

இந்தப் பதிலுக்கு மேல் பேசுவது தனக்கே இழிவு என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஜனம் குவிந்தது. புஷ்பக் காவடி எடுத்து வந்தவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், ஆந்திரா பக்கமிருந்து வேனில் வந்து இறங்கிய குடும்பங்கள், எல்லாரும் மயிலுக்குத் தலை கொடுத்தார்கள். அவள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே தெலுங்கில், "கொஞ்சம் சிரிங்க பாவா," என்று ஒருத்தி தன் அக்கா புருஷனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் வேண்டுமென்றே வாளியைத் தரையில் ஓங்கி வைத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து விஜயராகவனைப் படம் பிடித்தார்கள். அவன் படம் வந்த பக்கத்தைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சத்திரத்து வாசலில் மாட்டினான். அதைக் கடந்து போகும்போதெல்லாம் கெங்கம்மாள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஐப்பசி கடைசியில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்றார்கள். ஒருநாள் விடியும்போது ஆரம்பித்தது மழை. ஏழு மணிக்கு மலையின் பாறை இடுக்குகளிலெல்லாம் வெள்ளையாக நீர் இறங்குவது ஜன்னலிலிருந்து தெரிந்தது. எட்டு மணிக்கு அது தெருவுக்குள் வந்தது. வாய்க்காலுக்குள் போக வழியில்லை. முன்பெல்லாம் வாய்க்காலில் அடங்காதது தெருவில் வழிந்து கீழே போய்விடும். இப்போது தெருவே வீடுகளைவிட உயரம். அதனால் தண்ணீர் மரியாதையாக ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் இறங்கி உள்ளே போனது.

தெருவில் வீடு ஒன்று பாக்கியில்லை. கெங்கம்மாள் வீடு மட்டும் பழைய காலத்து உயரப் படி. மூன்று படி நனைந்து நாலாவது படி காய்ந்திருந்தது. அவள் காபி போட்டு எடுத்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொய் சொல்வானேன், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. முழங்காலுக்கு மேல் ஏறிய அரைக்கால் சட்டையோடு விஜயராகவன் மிக்ஸியைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். மணவாளன் லாட்ஜின் கீழ்த்தள அறையிலிருந்து மெத்தைகள் மிதந்து வந்தன. பூ வேலை செய்த விளக்குக் கம்பம் ஒன்று மெதுவாக, சலாம் போடுகிறதுபோல, சாய்ந்தது. ஒரு டம்ளர் காபியை அவள் அவ்வளவு ரசித்துக் குடித்ததே இல்லை.

எதிர்வீட்டில் ஷாலினி கிரைண்டரைத் தூக்கப் பார்த்து முடியாமல் நின்றாள். அரைத்து வைத்த மாவு பாத்திரம் பாத்திரமாகக் கவிழ்ந்து, வெள்ளையாகத் தெருத் தண்ணீரில் கரைந்து போனது. அவள் அழவில்லை. பாத்திரங்களைப் பொறுக்கி மேலே அடுக்கினாள். அதைப் பார்த்தபோது காபி கொஞ்சம் கசந்தது. ஆனால் கெங்கம்மாள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

பிறகு சத்திரத்திலிருந்து சத்தம் கேட்டது. சுண்ணாம்புச் சுவரின் அடி ஊறி, உள்ளே ஒரு தேக்குத் தூண் கல்லைவிட்டு நழுவியிருந்தது. அங்கே தங்கியிருந்த பதினெட்டு பேரை வெளியே கொண்டுவந்தார்கள். துளசிங்கமும் தெருவில் இருந்த ஆண்களும் கடப்பாரையால் சிவப்புக் கற்களைப் பெயர்த்தார்கள், பலகைக் கற்களை நிமிர்த்தினார்கள், உள்ளே அடைத்திருந்த காரையை வாரி வெளியே போட்டார்கள். பெண்கள் கூடையில் சுமந்தார்கள். ஒன்றரை மணி நேரம். சத்திரத்துச் சுவர் முடிகிற இடம் வரைக்கும் வாய்க்கால் திறந்தாயிற்று. தண்ணீர் நகரவில்லை. வாய்க்கால் நிரம்பி, குளம்போல நின்றது.

ஷாலினிதான் அவளைத் தேடி வந்தாள். நனைந்த புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"அத்தை, அந்தப் படம் கீதுன்னு சொன்னீங்களே. எங்க அடைச்சிகினு கீதுன்னு தெரியல. சத்திரம் வுழுந்துடும்போல கீது."

"அன்னிக்கி எல்லாருக்கும் சிரிப்பு வந்துதே."

"எனக்கு வரல அத்தை. நான் எழுதிகினு இருந்தேன்."

அது உண்மைதான். கெங்கம்மாள் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த நகலை எடுத்தாள். டேப்பை எடுத்தாள். குடையை எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு படியும் இறங்கித் தண்ணீருக்குள் கால் வைத்தாள். அவள் வருவதைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். அந்த நிமிஷத்துக்காக அவள் ஐந்து மாதம் காத்திருந்தாள்.

"வழி வுடுங்க," என்றாள். "விஜயராகவா, குடையப் புடி. நேரா புடி. அதுவாவது நேரா புடி."

அவன் பிடித்தான். அவள் விரலால் படத்தில் கோட்டைத் தடவிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். "கால்வா தெருவோட நேரா போவல. சத்திரம் தாண்டினதும் திரும்பிக் குட்டைக்குப் போவுது. அந்தத் திருப்பம் அடைச்சிகினு கீது. அதான் விஷயம். இத்தினி பேர் தோண்டறீங்க, எங்க தோண்டணும்னு ஒருத்தனுக்குத் தெரியல. சத்திரத்து வடக்கு மூலைக்கல்லுலேர்ந்து எண்பத்தாறு லிங்க். அது பழைய சங்கிலி அளவு, மீட்டர் கணக்குல பதினேழு முப்பது. துளசிங்கம், நீ அந்த மூலைக்கல்லுல டேப்பைப் புடி."

துளசிங்கம் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு போய்ப் பிடித்தான்.

அவள் டேப்பை இழுத்துக்கொண்டு சத்திரத்துச் சுவர் ஓரமாகவே நடந்தாள். பத்து மீட்டர். பன்னிரண்டு. சத்திரத்து வாசல் போனது. பதினைந்தில் சத்திரத்துச் சுவர் முடிந்தது. பதினாறில் அவள் கால் தயங்கியது. பதினேழு முப்பதில் டேப்பின் நுனி மயிலின் காலுக்கடியில் வந்து நின்றது. வாய்க்காலின் அகலம் எட்டு லிங்க். ஒன்று அறுபது மீட்டர். அவளுடைய குளியலறையும் கழிவறையும் சேர்ந்து அதே அகலம். படத்தை விரித்து அளவு பார்த்துக் கட்டினாற்போல அவ்வளவு பொருத்தம்.

மழை பெய்துகொண்டிருந்தது. அவள் குனிந்து டேப்பையே பார்த்தாள்.

அவளுக்குத் தெரியாதா? இந்தப் படத்தை அவளே எத்தனை தடவை நகல் எடுத்திருக்கிறாள். சத்திரத்துக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இரண்டு கோடுகள் திரும்பிப் போவதை அவள் கையே வரைந்திருக்கிறது. ஊரார் வரப்பையெல்லாம் அளந்தவள், தன் வீட்டுச் சந்தில் ஒரு நாள்கூட டேப்பை விரித்ததில்லை. ஏன் விரிக்கவில்லை? காலையில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகும்போது காலடியில் எப்போதாவது தண்ணீர் களகளவென்று ஓடுவது கேட்கும். குழாய் ஏதோ கசிகிறது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டாள்.

நைனா நல்ல மனுஷன், யார் சொத்துக்கும் ஆசைப்படாதவர் என்று அவள் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்தைப் படிக்கத் தெரிந்தவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். இன்னும் ஒரு மூன்று மீட்டர் இழுத்துப் போய், அந்தப் பக்கம் எங்கேயாவது குச்சியை நட்டு, 'இங்க தோண்டு' என்று சொன்னால் தோண்டுவார்கள். ஒரு கூடை மண் வரும், கிடைக்கவில்லை என்பார்கள், மழையும் நின்றுவிடும். லிங்குக்கு எத்தனை அங்குலம் என்று கேட்கக்கூட ஒருத்தனுக்குத் தெரியாது. அந்த யோசனை வந்ததும், அலுவலக மேஜைக்கு முன்னால் வந்து நின்று அசையாமல் பொய் சொன்ன முகங்களெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து எப்படிக் காறித் துப்பியிருக்கிறாள், மனசுக்குள்.

"எத்தினி கெங்கா?" என்றான் விஜயராகவன், குடையை நேராகப் பிடித்தபடி.

"பதினேழு முப்பது," என்றாள். "இங்கதான். என் வூட்டு பாத்ரூமுக்கு அடியில."

துளசிங்கம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தான்.

"தெரியும்மா. எங்க அப்பாதான் கட்டினாரு. நான் கல்லு எட்த்துக் குட்த்தேன். அடியில முக்கா அடி சிமெண்ட் குழா ஒண்ணு வெச்சி மேல மூடிட்டாரு. உங்க நைனா, 'போதும், தண்ணி போயிடும்'னாரு."

"ஏன்டா இத்தினி வருசமா சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவள் விஜயராகவனைப் பார்த்தாள். அவன் சிரிப்பான், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னியே என்பான் என்று காத்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவனோ, "அடடா, உனக்கு பாத்ரூம் இல்லாம போயிடுமே," என்றான், நிஜமான கவலையோடு. கிடைத்த சந்தர்ப்பத்தில் ஒரு அடி கொடுக்கக்கூட வக்கில்லாத மனுஷன்! அவன்மேல் இருந்த இளக்காரம் அந்த நிமிஷத்தில் இன்னும் ஒரு படி ஏறியது. தன்மேல் வந்ததோ அதைவிட அதிகம்.

"என்ன வேடிக்க?" என்று கத்தினாள். "இடிங்க. சத்திரம் வுழுந்தப்பறம் இடிப்பீங்களா?"

துளசிங்கம் உள்ளே போய் வாளி, சோப்பு, துவட்டுகிற துண்டு எல்லாவற்றையும் எடுத்து வந்து படியில் வைத்தான். பிறகு கடப்பாரையை ஓங்கினான். மயில் வாலிலிருந்து உதிர ஆரம்பித்தது. மணவாளனும் விஜயராகவனும் தெருப் பிள்ளைகளும் செங்கல்லை வாங்கி வாங்கிப் போட்டார்கள். ஷாலினி தட்டுக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கெங்கம்மாளும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்றவர்களை முறைத்தாள். தளத்தை உடைத்ததும் அந்தச் சிமெண்டுக் குழாய் வெளியே தெரிந்தது. வாய் முழுக்க மண்ணும் வேரும் அடைத்து, செத்த பாம்புபோலக் கிடந்தது. அதைப் பெயர்த்து எடுத்தபோது முதலில் ஒரு இருமல் சத்தம் வந்தது. அடுத்து தண்ணீர் மொத்தமும் பாய்ந்தது. நின்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். சந்து வழியாக, பழைய கல்லின்மேல், திரும்பிக் குட்டையைப் பார்க்க ஓடியது. அரை மணியில் தெரு வடிந்தது. சத்திரத்துத் தூணுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு, வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒன்று கட்டி முடியும்வரை, ஒரு மாதத்துக்கு மேல் கெங்கம்மாள் காலையில் துண்டும் சோப்புமாகத் தெருவைக் கடந்து ஷாலினி வீட்டுக்குப் போனாள். அறுபத்தோரு வயதில் எதிர்வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டுவதைப்போல ஒரு மனுஷியின் திமிரை அடக்கும் மருந்து வேறு இல்லை. ஆனால் அது முழுவதும் அடங்கவில்லை. ஷாலினி வீட்டுக் குழாய் கோணலாகப் பதித்திருப்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள்.

மழை விட்டபின் மறுபடி கூட்டம் போட்டார்கள். கெங்கம்மாளை உறுப்பினராகச் சேரச் சொன்னார்கள். "முட்டாள்களோட சேந்து கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள். ஆனால் கதவோரமாக உட்கார்ந்து, படத்தை வைத்துக்கொண்டு, வாய்க்காலின் மேல் யார் யாருடைய படி, யார் யாருடைய மேடை, யார் யாருடைய தண்ணீர்த் தொட்டி ஏறி நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினோரு வீடு. மணவாளனுடைய ஜெனரேட்டர் மேடைதான் பெரியது.

"அக்கா, அது எங்கப்பா காலத்துலேர்ந்து கீது," என்றான் மணவாளன்.

"எங்க நைனா காலத்துலேர்ந்து என் கக்கூஸ் இருந்துது. எங்க அது இப்ப? போய்ப் பாரு."

அடுத்த வாரம் ஜெனரேட்டர் லாட்ஜின் பின்பக்கம் போய்விட்டது. போகும்போது அவன் முனகியது அவளுக்குக் கேட்டது. அவள் பொருட்படுத்தவில்லை. முனகிக்கொண்டாவது செய்தானே, அவனுக்கு அது அதிகம்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் ஞாயிறு தோறும் தெருவே வாய்க்காலுக்குள் இறங்கியது. வங்கி மேலாளர் மண்வெட்டி பிடிக்கும் அழகைப் பார்க்கக் கண் கூசியது. மண்ணை வெட்டி, தன் காலிலேயே போட்டுக்கொண்டான். ஆனால் ஒரு ஞாயிறும் அவன் வராமல் இருக்கவில்லை. முதுகுவலி என்று பெல்ட் கட்டிக்கொண்டு வந்தான். சிவப்புக் கல்லையெல்லாம் பெயர்த்து, தெருவைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாக்கடைத் தண்ணீர் தனிக் குழாயில் போனது. வாய்க்காலில் குப்பை போட்ட வீட்டின் பெயரை ஷாலினி சத்திரத்து வாசல் பலகையில் எழுதினாள். இரண்டாவது வாரத்தில் அதில் விஜயராகவன் பெயரே வந்தது. பேரன் வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டானாம். அவன் அதை அழிக்கவில்லை. அது மட்டும் கெங்கம்மாளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

தை பிறந்ததும் சத்திரத்துக் கூரையைப் பிரித்தார்கள். திருவாலங்காடு பக்கம் இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து நாட்டு ஓடு வண்டியில் வந்து இறங்கியிருந்தது. முற்றத்தில் மலைபோலக் குவிந்த ஓட்டில் நல்லது எது, விரிசல் விட்டது எது என்று பிரிக்க வேண்டும். கெங்கம்மாள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஓட்டையும் எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றால் வலப்பக்கம். இல்லாவிட்டால் இடப்பக்கம். துளசிங்கம் ஏணியில் நின்று மேலே கைகொடுத்தான். விஜயராகவன் எதிரே உட்கார்ந்து அவளைப்போலவே தட்டிப் பார்த்தான்.

"இது நல்லாத்தானே கீது?" என்று ஒரு ஓட்டை நீட்டினான்.

"செவிடா நீ? விரிஞ்சிகினு கீது. கீழ போடு."

அவன் போட்டான். இன்னொன்றை எடுத்துத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். பிறகு எதுவும் கேட்காமல் அதை வலப்பக்கம் வைத்தான். கெங்கம்மாள் அதை எடுத்து ஒருமுறை தட்டினாள். நல்ல ஓடுதான். அதை வலப்பக்கமே திருப்பி வைத்துவிட்டு அடுத்த ஓட்டை எடுத்தாள்.